பைன்வுட் டெர்பி கார்: எடை பின்பக்கம்தான்

பைன்வுட் டெர்பி என்பது பிள்ளைகள் பைன் மரக்கட்டையில் சிறு கார் செய்து, என்ஜின் இல்லாமல் சரிவுப் பாதையில் ஓடவிடும் பந்தயம். அதில் "எடையை மூக்குப் பக்கம் வைத்தால் கார் வேகமாக இறங்கும்" என்று ஒரு நண்பர் எழுதியதைப் பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் நடப்பது நேர்மாறு. காரின் மொத்த எடைக்கான 5 அவுன்ஸ் (சுமார் 142 கிராம்) வரம்புக்குள், எடை பின்னால் இருந்தால்தான் லாபம். சரிவில் நிற்கும்போது காரின் பின்பகுதி உயரத்தில் இருக்கிறது. எடை அங்கே இருந்தால் அது கூடுதல் உயரம் இறங்கும், அந்த ஆற்றல் வேகமாக மாறும். பின் அச்சுக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம் முன்னால் சமநிலைப் புள்ளி அமைவது நல்லது. அதற்கும் பின்னால் போனால் முன்சக்கரங்கள் தரையில் சரியாகப் பதியாமல் கார் தள்ளாடும்.

நீங்களே சோதிக்கலாம். காரை ஒரு பென்சில் மேல் நிறுத்தி, சாயாமல் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள்; அதுதான் சமநிலைப் புள்ளி. சரிவின் உச்சியில் காரைத் தடுத்து நிறுத்தும் தொடக்கக் கம்பியில் காரை வைத்து, தரையிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பிறகு எடைக்காகச் சில நாணயங்களை எடுத்து, அதே நாணயங்களை ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் ஒட்டி, ஒரே தடத்தில் ஐந்தைந்து தடவை ஓட்டுங்கள். தடத்தை மட்டும் மாற்றாதீர்கள், தடத்துக்குத் தடம் நேரம் மாறும். பிள்ளையையே அளக்கச் சொல்லுங்கள்.