அரிசி மூட்டை கிடைத்துவிடுகிறது, பொறுப்பேற்க ஆள்தான் கிடைப்பதில்லை

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது மரபு என்பதால், சித்திரை பிறந்ததுமே டெல்டாவில் ஆறு, வாய்க்கால்களைத் தூர்வாரும் வேலை தொடங்கிவிடுகிறது. பொக்லைன் இறங்குவதற்கு முன்பே சில ஊர்களில் கரையோரக் குடிசைகளுக்கு நோட்டீஸ் வந்துவிடும். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவின் கீழ் விளக்கம் கேட்டு முதலில் ஒன்று, 6ஆம் பிரிவின் கீழ் வெளியேறச் சொல்லிப் பிறகு ஒன்று. தூர்வாரக் கூடாது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் பயிர் காய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் குடிசையைப் பிரித்த அன்று இரவு அந்தக் குடும்பம் எங்கே அடுப்பு மூட்டும் என்பதற்கு அந்த நோட்டீஸில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

கும்பகோணத்தை ஒட்டி இயங்கும் சிறு அறக்கட்டளை ஒன்று இந்தக் கேள்வியைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. சொந்தக் கட்டடமோ பெரிய நிதியோ அவர்களிடம் கிடையாது. ஓய்வு நேரத்தில் மனு எழுதிக் கொடுக்கப் போகும் எனக்கு, அவர்களுடைய வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வாய்த்தது. ஊர்க்காரர்கள் இத்தகைய அமைப்புகளுக்குப் பொருளாகக் கொடுப்பதைவிட, ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பேற்றுத் தங்கள் பெயரைக் கொடுப்பதுதான் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

வாய்க்கால் கரைக்கு யாரும் விரும்பிக் குடிபோவதில்லை. பழைய தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்களின் குடிசைகள் மிராசுதார் நிலத்திலும் கோயில், மடத்து நிலத்திலும்தான் இருந்தன. எதிர்த்துப் பேசினால் வேலையோடு குடியிருப்பும் போகும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து இறந்த கொடுமைக்குப் பிறகு, 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம் விவசாயத் தொழிலாளர்கள் பலருக்கு அவர்கள் இருந்த மனையையே உரிமையாக்கிக் கொடுத்தது. அது பெரிய மாற்றம்தான். ஆனால் மனை அதே அளவில் இருக்க, பிள்ளைகள் பெருகினார்கள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் வாய்க்கால் கரையில் நாலு மூங்கிலை நட்டு, தார்ப்பாய் கட்டினான். ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று அறிவிப்பு இருக்கிறது, மத்திய அரசின் வீட்டு வசதித் திட்டமும் இருக்கிறது. இரண்டுக்கும் முதலில் மனை வேண்டும். நீர்நிலை, சாலை போன்ற பொதுத் தேவைக்கு உரியதல்லாத ‘ஆட்சேபணையற்ற’ புறம்போக்காக இருந்தால் பட்டாவுக்கு வழி பிறக்கலாம். வாய்க்கால் கரை போன்ற நீர்நிலைப் புறம்போக்குக்கு அதுவும் இல்லை.

கரையில் இருப்பவர்கள் மட்டும்தான் வீட்டை இழக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். குடிசை தீப்பிடித்தவர்கள், ஐப்பசி மழையில் மண்சுவர் இடிந்தவர்கள், குழுக்கடன் தவணைக்குப் பயந்து இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனவர்கள், கணவன் இறந்ததும் மாமியார் வீட்டில் இடமில்லாமல் போன பெண்கள் என்று பல வழிகளில் இது நடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் வீடற்றவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர் என்றது. அத்தை வீட்டுத் திண்ணையில் இரண்டு மாதம், சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு மாதம் என்று அலைகிற குடும்பம் அந்த எண்ணிக்கைக்குள் வராது, ஏனென்றால் கணக்கெடுப்பவர் கண்ணுக்கு அவர்கள் ஏதோ ஒரு வீட்டில்தான் இருக்கிறார்கள். நகரங்களில் உள்ள வீடற்றோர் தங்கும் விடுதிகளிலும் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி; அப்பா, அம்மா, வயதுக்கு வந்த மகன் மூவரும் சேர்ந்து தங்குவது கடினம்.

ஆகவே இந்த அறக்கட்டளை முதலில் தேடுவது சிறியதாக ஒரு வாடகை வீடு. கடும் சிக்கலும் இங்கேதான். ஒருமுறை அவர்களுடன் ஒரு வீட்டுக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன். பின்கட்டில் ஓடு போட்ட ஒற்றை அறை, கொல்லையில் அடிபம்பு. கூலி வேலை செய்யும் கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்காகக் கேட்டோம். அட்வான்ஸ் தயாராகவே இருந்தது. அவர், “பணத்தைப் பத்தி இல்லைங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?” என்றார். எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், “என்னைக் கேளுங்க தம்பி. உங்க அண்ணன் என்கிட்ட படிச்சவர்தானே, நான் எங்க போயிடப் போறேன்?” என்று சொல்லி, வாடகை ஒப்பந்தத்தில் சாட்சிக்கு மேலே பொறுப்பாளர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாவி கைக்கு வந்தது. எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. “அவங்க எந்த ஆளுங்க?” என்ற கேள்வி வந்துவிட்டால் அதற்கு மேல் எந்தக் கையெழுத்தும் செல்லாத தெருக்கள் நம் டெல்டாவில் இன்னும் இருக்கின்றன. இதை மறைத்துவிட்டு ஊர் ஒற்றுமையைப் பற்றி எழுதுவது பொய்யாகிவிடும்.

மற்ற கூட்டாளிகளும் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பள்ளித் தலைமையாசிரியை ஒருவர், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துச் சொல்லத் தேவையில்லாமல் சேர்த்துக்கொள்கிறார். பெண்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழக்குகளைக் கொண்டுபோகும் இளம் வழக்கறிஞர்கள் சிலர் இருக்கிறார்கள். இ-சேவை மையம் நடத்தும் ஒரு தம்பி, தீயில் போன குடும்ப அட்டைக்கும் ஆதாருக்கும் நகல் எடுக்கக் கூடுதலாக எதுவும் வாங்குவதில்லை. பள்ளிவாசல் ஜமாத்தும் கல்யாண மண்டபக்காரரும் அவசரத்துக்கு இடம் கொடுக்கிறார்கள். மண்டபம் ஆடியிலும் மார்கழியிலும் காலியாகக் கிடக்கும், தூர்வாரும் வைகாசியில் முகூர்த்தம் வரிசையாக நிற்பதால் கிடைக்காது என்பது தனிக் கதை.

இப்படிச் சேர்ந்து வேலை செய்வது நமக்குப் புதிதும் அல்ல. காந்தியவாதித் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் உழுபவருக்கு நிலம் வேண்டும் என்று 1981இல் தொடங்கிய ‘லாஃப்டி’ இயக்கம், நிலத்தை விற்கத் தயாரான உடைமையாளர்களையும் நிலமற்ற பெண்களையும் பேச வைத்து, வங்கிக் கடன் பெற்று, அந்தப் பெண்களின் பெயரிலேயே நிலத்தைப் பதிவு செய்தது. சுனாமிக்குப் பிறகு நாகை ஆட்சியர் அலுவலகத்தில் தொண்டு நிறுவனங்களுக்கென ஒருங்கிணைப்பு மையம் அமைந்ததற்கும் காரணம் இருந்தது. லாரி லாரியாக வந்த பழைய துணிகள் சாலையோரத்தில் கிடந்ததை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யாருக்கு எது தேவை என்று ஒருவரும் கேட்காமல் அவரவர் விருப்பத்துக்குக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. தீ விபத்து என்றதும் அரிசி, சேலை, பாத்திரம் மாலைக்குள் வந்து குவிகின்றன, கூடவே பேனரும் போட்டோவும். கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. முதல் மூன்று நாளுக்கு அதுவும் வேண்டும். ஆனால் நான்காம் நாள் அந்தக் குடும்பம் பத்து மூட்டை அரிசியோடு தெருவில் நிற்கிறது. அந்தச் செலவில் பாதியை வர்த்தகர் சங்கமோ அரிமா சங்கமோ அட்வான்ஸுக்கான சுழல்நிதியாக வைத்தால், ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரும் தொகை அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

“இதெல்லாம் அரசு செய்ய வேண்டியதுங்க, நீங்க ஏன் தலையில போட்டுக்கறீங்க?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மனையும் பட்டாவும் நிரந்தர வீடும் அரசின் கடமைதான்; எந்த அறக்கட்டளையும் அதை ஈடுகட்ட முடியாது, ஈடுகட்ட முயலவும் கூடாது என்பேன். ஆனால் மனு கொடுத்ததற்கும் கிராமப்புறத்தில் மூன்று சென்ட் மனை அளந்து கல் ஊன்றுவதற்கும் இடையில் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதுவரை அந்தக் குடும்பம் ஒரே ஊரில், ஒரே முகவரியில் இருந்தால்தான் மனுவுக்குப் பதில் கடிதமாவது வந்து சேரும். வீடு மாறி ஊர் மாறிப் போனவர்களின் மனு, விசாரணைக்கு வரும்போது ஆள் இல்லை என்று முடிந்துவிடுகிறது.

ஊராட்சிகளில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச் 22 கிராம சபையிலேயே இந்த ஆண்டு எந்தெந்த வாய்க்கால் தூர்வாரும் பட்டியலில் இருக்கிறது, அந்தக் கரைகளில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தீர்மானத்தில் பதிவு செய்யுங்கள். நோட்டீஸ் வருவதற்கு முன்பே வீடு தேடவும், முழு ஆண்டுத் தேர்வு முடியும்வரை அவகாசம் கேட்டு வட்டாட்சியரிடம் எழுதிக் கொடுக்கவும், பொறுப்பேற்க நாலு பேரைப் பிடிக்கவும் கொஞ்சம் நாள் கிடைக்கும்.