ஜப்பானில் மேலதிகாரி அடிப்பது சட்டப்படி சரியா?

ஜப்பானில் வேலையிடத்தில் மேலதிகாரி ஊழியரைத் தட்டுவது, சட்டையைப் பிடித்து உலுக்குவது எல்லாம் அந்த ஊர்க் கலாச்சாரம், சட்டமும் கண்டுகொள்ளாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். சட்டம் பற்றிய பகுதி தவறுங்க.

அங்கே இதற்கு 'பவர் ஹராஸ்மென்ட்' (பதவி அதிகாரத்தை வைத்துத் துன்புறுத்துவது), சுருக்கமாக 'பவாஹரா' என்று பெயர். 2019-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, இதைத் தடுக்க நடவடிக்கை எடுப்பது நிறுவனத்தின் கடமை. பெரிய நிறுவனங்களுக்கு 2020 ஜூனிலும் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரலிலும் அமலுக்கு வந்தது. அரசின் வழிகாட்டுதல் ஆறு வகைகளைச் சொல்கிறது. முதல் வகையே உடல்ரீதியான தாக்குதல்தான். அடிப்பது, உதைப்பது, பொருளைத் தூக்கி எறிவது எல்லாம் அதில் உதாரணங்கள். தெரியாமல் இடித்துவிட்டால் இதில் சேராது என்றும் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த அளவுக்குப் பிரித்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தில் அடித்தவருக்கு நேரடித் தண்டனை இல்லை என்பது உண்மை. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் காயமே படாவிட்டாலும் கைவைப்பது ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 208-ஆம் பிரிவில் வரும். அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 3 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கலாம்.

சரிபார்க்க, ஜப்பானிய சுகாதார, தொழிலாளர், நலத்துறை அமைச்சகத்தின் தளத்தில் பவாஹரா வழிகாட்டுதலைத் தேடுங்கள். மொழிபெயர்ப்பு வசதியைப் போட்டாலே அந்த ஆறு வகைகளும் புரியும். 208-ஆம் பிரிவு அந்நாட்டு நீதி அமைச்சகத்தின் சட்ட மொழிபெயர்ப்புத் தளத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கும்.