"ஆட்டத்தை நிப்பாட்டிருவாங்கக்கா"

நான் கோச்சாக இருக்கிற கபடி டீமில், கணுக்காலைப் பிடித்தால் விடாத பிள்ளை அவள். லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிக்கிறவள். அவள் பக்கம் போனஸ் பாயிண்ட் எடுக்கக் காலை நீட்டுகிற ரைடர் (பாடி வருகிறவள்) ஒருதடவை யோசித்துவிட்டுத்தான் நீட்டுவாள். அன்றைக்குச் சாயங்காலம் பிராக்டிஸில் பிடித்த காலை அவளே மூன்று தடவை விட்டாள். ஒவ்வொரு ரைடு முடிந்ததும் அவள் கண் கேலரிப் படியில் கிடந்த பைக்குப் போய்விட்டுத் திரும்பியது. பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"என்னத்தா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டேன். முழங்கால் உறையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகையில் முதலில் வந்த வார்த்தை இதுதான்: "வீட்டுல சொல்லிராதீங்கக்கா, ஆட்டத்தை நிப்பாட்டிருவாங்க." ஒருத்தன் மிரட்டுகிறான் என்பதே அதற்கப்புறம்தான் வந்தது.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊர், ஆள் அடையாளம் எதுவும் இதில் இருக்காது. தயவுசெய்து கமெண்டில் யாரும் ஊகிக்க வேண்டாம்.

அவளுக்கு அப்போது 19 வயது. பழகின பையனுக்கு, அவன் கெஞ்சிக் கேட்டதால், இரண்டு அந்தரங்கப் படம் அனுப்பியிருக்கிறாள். பழக்கம் முறிந்த மறுவாரமே, "உங்க டீம் குரூப்ல போடவா, செலக்டருக்கு அனுப்பவா" என்று ஆரம்பித்துவிட்டான். ஒரு ஆட்டக்காரியை எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

விளையாடுகிற பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து ஒரு படி அதிகம் என்று நான் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு டோர்னமெண்டுக்கும் பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், ஆதார் நகல், போட்டோ எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறோம். அந்த என்ட்ரி ஃபாரத்தை யாரோ போனில் படம் பிடித்து நாலு குரூப்பில் போடுகிறார்கள். கோயில் திருவிழா ராத்திரி ஆட்டத்தில் மைக்கில் பெயரும் ஊரும் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஜெயித்தால் பேப்பரில் படம் வருகிறது. மற்ற பெண்ணை மிரட்டுகிறவன் ஆளைத் தேட வேண்டும். எங்கள் பிள்ளைகளை ஊருக்கே தெரியும்.

இன்னொன்று, உடம்பு. கபடியில் எடை வரம்பு உண்டு. அந்தப் பதற்றத்தில் இருக்கிற பிள்ளையிடம் இன்ஸ்டாகிராமில் ஒருத்தன் வந்து, "நான் ஃபிட்னஸ் கோச், டயட் எழுதித் தரேன், முன்னாடி பின்னாடி போட்டோ அனுப்பு, டிரெஸ் இருந்தா அளவு தெரியாது" என்கிறான். என் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இந்த மெசேஜ் வந்திருக்கிறது. கண்ணுகளா, எடை பார்க்க எடை மெஷின் போதும். எந்தக் கோச்சுக்கும் நீ துணியில்லாமல் நிற்கிற படம் தேவையே இல்லை. கேட்கிறவன் கோச் இல்லை. நிஜமாகவே அவன் கோச்சாக இருந்தால் அது இன்னும் பெரிய ஆபத்து, அன்றைக்கே என்னிடமோ வீட்டிலோ சொல்.

"ஒருதடவை பார்த்தா மறைஞ்சிரும்" என்று வாட்ஸப்பில் இருக்கிறதே என்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு போனை வைத்து எடுத்துக்கொண்டால் எங்கே மறையும்?

யாருக்கும் அனுப்பாமல் போனிலேயே வைத்திருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் மாட் வைஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் கோச் மேல் 2025 மார்ச்சில் குற்றப்பத்திரிகை வந்தது. கல்லூரி விளையாட்டு வீரர்களின் மருத்துவ விவரங்கள் இருந்த கணினித் தொகுப்புக்குள் புகுந்து 1,50,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவலை எடுத்தார், அதை வைத்து 2,000-க்கும் அதிகமான வீராங்கனைகளின் கணக்குகளைத் திறந்து அந்தரங்கப் படங்களைத் தேடினார் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெண்கள் செய்ததெல்லாம் காயத்துக்கு வைத்தியம் பார்த்ததும், ஃபாரம் நிரப்பியதும்தான்.

ஆம்பளைப் பையன்களுக்கும் சொல்கிறேன். ஆஸ்திரேலிய டெஸ்ட் கேப்டன் டிம் பெயின் 2017-இல் ஒரு பெண்ணுக்கு அனுப்பிய ஆபாச மெசேஜ் 2021 நவம்பரில் வெளியே வந்து, ஆஷஸ் தொடர் தொடங்க மூன்று வாரம்கூட இல்லாதபோது கேப்டன் பதவியை விட்டார். நான்கு வருடம் கழித்து! நம்ம ஊர்ப் பையன்களுக்கு வருவது வேறு விதம். தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வருவாள், இரண்டு நிமிடத்தில் அதைப் பதிவு செய்து பணம் கேட்பார்கள். கொடுக்காதே. ஒருதடவை கொடுத்தவனிடம் மறுபடியும் கேட்பார்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 77-ஆவது பிரிவு படித்துப் பாருங்கள். படம் எடுக்க அந்தப் பெண் சம்மதித்திருந்தாலும், மற்றவருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். ஐடி சட்டத்தில் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) இதற்கென்றே 66இ, 67ஏ பிரிவுகள் இருக்கின்றன. 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற சட்டம். அதில் விஷயம் தெரிந்த கோச்சும் டீச்சரும் போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும், மறைத்தால் நம் மேலேயே வழக்கு வரும். ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்று ஒரு தளம் இருக்கிறது. படம் உன் போனை விட்டு வெளியே போகாமலே அதன் கைரேகை மாதிரி ஒரு எண்ணை மட்டும் எடுத்து, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் அது ஏறாமல் தடுக்க உதவுகிறது. 18-க்குக் கீழ் இருப்பவர்களுக்கு டேக் இட் டவுன் என்று தனியாக உண்டு.

நாங்கள் முதலில் செய்தது ஒன்றே ஒன்றுதான். பயத்தில் அவள் சாட்டை அழிக்கப் போனாள், கையைப் பிடித்து நிறுத்தினேன். ஸ்கிரீன்ஷாட், நம்பர், தேதி, நேரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்தோம். பிறகு போலீஸில் புகார். அங்கே முதல் கேள்வி, "நீ ஏம்மா அனுப்புன?" என்றுதான் வந்தது. அவள் தலை குனிந்ததை நான் மறக்க மாட்டேன். "சார், அதை அப்புறம் பேசலாம், இப்ப மிரட்டுறவன் நம்பரை எழுதுங்க" என்றேன். எழுதினார்கள். அவன் போனைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. படம் எங்கேயும் போகவில்லை.

ஆனால் அவள் பயந்தது நடந்தது. அப்பா ஆட்டத்தை நிப்பாட்டினார்.

எனக்குக் கோபம் இங்கேதான். அந்தப் பையன் கையில் இருந்தது இரண்டு படம். அவனுக்குப் பலம் கொடுத்தது, வீட்டில் தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு இருந்த நிச்சயம். அதைக் கொடுத்தது நாம்தான். சக்கிமங்கலத்து ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்ஸ் வரைக்கும் ஓடினபோது ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடினவர்கள்தான் நாம். நம்ம வீட்டுப் பிள்ளை ஒரு தப்பான ஆளை நம்பிவிட்டால் உடனே ஷூவை வாங்கிப் பரண்மேல் போடுகிறோம். தப்பு செய்தவன் அடுத்த வாரம் அவன் டீமில் ஆடினான். ஆட்டக்காரிக்கு வருஷம் எண்ணி வைத்த மாதிரி. ஜூனியர் என்றால் 20 வயதுக்குள். ஏழு மாசம் அவள் வீட்டில் இருந்தாள், ஜூனியர் செலக்‌ஷன் போயே போய்விட்டது.

நான் மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவை காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை அவள் அம்மா வாசல்வரை வந்து, "டீச்சர், அவ ராத்திரி தூங்க மாட்டேங்கிறா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

போன மாசம் கிரவுண்டுக்கு அம்மாவே கூட்டிக்கொண்டு வந்தார். பழைய பை, பழைய முழங்கால் உறை. அம்மா கேலரிப் படியில் உட்கார்ந்து, அவள் போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அது இரண்டு தடவை அதிர்ந்தது, அவர் எடுத்துப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்து கிளம்பும்போது என்னிடம் கேட்டார்:

"டீச்சர், சீனியர் செலக்‌ஷன் எந்த மாசம் வரும்?"