‘ஜெர்மனியில் படிக்க விமானச் செலவு போதும்’ என்பது உண்மையன்று

“ஜெர்மனியில் படிப்பு இலவசம், விமான டிக்கெட்டுக்குப் பணம் இருந்தால் போதும்” என்றொரு செய்தி காரைக்குடி, தேவகோட்டை வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதில் பாதிதான் உண்மை.

அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆயினும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் 2017ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் அரையாண்டுப் பருவத்துக்கும் 1,500 யூரோ வசூலிக்கிறது.

பெருஞ்சுமை வேறிடத்தில் இருக்கிறது. உதவித்தொகையோ, செலவை ஏற்பதாக அங்கு வாழ்பவர் தரும் பொறுப்புறுதியோ இல்லாதவர், 2024 செப்டம்பரில் நிர்ணயித்தபடி, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான 11,904 யூரோவை விசாவுக்காக முடக்கக் கணக்கு (blocked account) எனும் வங்கிக் கணக்கில் முன்னதாகவே கட்டிவிட வேண்டும். பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் அத்தொகை மாணவருடையதுதான் என்றாலும், மாதம் 992 யூரோவாகவே கைக்கு வரும். வீட்டு வாடகை முன்பணமோ மூன்று மாத வாடகை வரை போகலாம் என்பதால், முதல் மாதத் தவணை அதற்கே போதாமல் போகலாம்.

எனக்குத் தெரிந்த காரைக்குடித் தந்தை ஒருவர் மகளுக்காக எழுதிய கணக்குத் தாளில் டிக்கெட், குளிராடை, பெட்டி என மூன்றே வரிகள் இருந்தன. ஐந்தொகை, அதாவது வரவு, செலவு, இருப்பு எல்லாம் அடங்கிய முழுக்கணக்கு, போட்டுப் பழகிய ஊரில் இப்படியொரு தாளைப் பார்க்க மனம் வலித்தது. கல்விச் சான்று சரிபார்ப்பு, 75 யூரோ விசாக் கட்டணம், பருவந்தோறும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பங்களிப்பு, மாதாந்திர மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை அவருடன் அமர்ந்து, அதே தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சேர்த்தோம்.