யார்க் கோட்டையின் நினைவுப் பலகை சொல்லாமல் விட்டது

இங்கிலாந்தின் யார்க் நகரில், புல் போர்த்திய உயரமான மண்மேட்டின் உச்சியில் நிற்கும் கிளிஃபர்ட் கோபுரத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதன் நான்கிதழ்ப் பூ வடிவத்தையும், மேல்தளத்திலிருந்து தெரியும் மின்ஸ்டர் பேராலயத்தையும் வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வியக்கத் தகுந்த கட்டடம்தான். ஆனாலும் அந்த மேட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது 1190-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கே நடந்த யூதர் படுகொலையைத்தான் என்பதும், அதை அரைகுறையாகச் சொல்லக்கூடாது என்பதும் என் உறுதியான கருத்து.

வட இங்கிலாந்தை அடக்குவதற்காக 1068-69 ஆண்டுகளில், இங்கிலாந்தை வென்ற நார்மானிய அரசன் முதலாம் வில்லியம் யார்க்கில் எழுப்பிய இரண்டு கோட்டைகளில் ஒன்று இந்த மேட்டில் நின்றது. நகரின் ஏழு வட்டங்களில் ஒன்று கோட்டைக்காகப் பாழாக்கப்பட்டது என்று, அதே வில்லியம் எடுப்பித்த நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே பதிவேடு கூறுகிறது. ஆக, தொடக்கத்திலிருந்தே அது நகர மக்களைக் காப்பதற்கு முன் அரசனின் அதிகாரத்தைக் காப்பதற்காக நின்ற கோட்டை.

1189 செப்டம்பரில் முதலாம் ரிச்சர்டின் முடிசூட்டு விழாவின்போது லண்டனில் தொடங்கிய யூதர் எதிர்ப்புக் கலவரம், அவர் சிலுவைப் போருக்காகக் கடல் கடந்த பிறகு பல ஊர்களுக்கும் பரவியது. யார்க்கில், லண்டன் கலவரத்தில் காயமுற்று இறந்துபோன பெனடிக்ட் என்பவரின் வீட்டுக்குள் புகுந்த கும்பல், அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொன்று, வீட்டையும் கொள்ளையடித்தது. யூதர்கள் சட்டப்படி அரசனின் பாதுகாப்பில் இருந்தவர்கள். எனவே ஜோஸ் என்ற செல்வந்தரின் தலைமையில் ஏறத்தாழ 150 பேர் அரசனின் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். அப்போது மேட்டின் மேல் இருந்தது மரக் கோபுரம். கோட்டைக் காவலர் ஏதோ வேலையாக வெளியே சென்றபோது, அவர் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்று அஞ்சிய உள்ளிருந்தவர்கள், திரும்பி வந்த அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. அவர், மாவட்டத்தில் அரசனின் அதிகாரியான ஷெரிஃப் ஜான் மார்ஷலிடம் முறையிட, ஷெரிஃப் மாவட்டப் படையைத் திரட்டிக் கோட்டையைத் தாக்க உத்தரவிட்டார். பிறகு அவரே மனம் மாறித் தடுக்க முயன்றும், படையும் கும்பலும் ஒன்றாகிவிட்ட நிலையில் அவரால் தடுக்க முடியவில்லை.

மார்ச் 16, வெள்ளிக்கிழமை இரவு, மதம் மாறுவதைவிட மாய்வதே மேல் என்று யூத மதகுரு ரபி யோம் தோவ் கூறியதை ஏற்றுப் பெரும்பாலானோர் தங்கள் குடும்பத்தாரைத் தம் கையாலேயே கொன்று தாமும் மடிந்தார்கள். கோபுரம் தீப்பற்றியது. உயிருக்கு உறுதியளிக்கப்பட்டதை நம்பி மறுநாள் காலை வெளியே வந்த சிலரும் கொல்லப்பட்டார்கள். அதன் பின் தாக்கியவர்கள் நேராகச் சென்ற இடம் மின்ஸ்டர் பேராலயம். யூதர்களிடம் தாங்கள் வாங்கிய கடனுக்கான பத்திரங்கள் அங்கேதான் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஆலயத்துக்குள்ளேயே குவித்து எரித்தார்கள். கலவரத்தைத் தூண்டிய ரிச்சர்ட் மலபிஸ் போன்ற பிரபுக்கள் பெருங்கடனாளிகள் என்பதை நினைத்தால், மதவெறியின் பின்னால் இருந்த கணக்கு புரியும்.

அரசு என்ன செய்தது? ஷெரிஃபும் காவலரும் பதவி நீக்கப்பட்டார்கள். நகரத்தாருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. கொலைக்காக ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் 1194-இல், கடன் பத்திரங்களின் படிகளைப் பூட்டிய பெட்டகங்களில் வைக்க வேண்டும் என்ற ஆணை வந்தது. உயிர்களைக் காக்கத் தவறிய அரசு, அந்தப் படுகொலையிலிருந்து பாடம் கற்றுப் பத்திரங்களைப் பத்திரப்படுத்தியது என்பதைப் படித்தபோது எனக்கு எழுந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. யூதர்களின் கடன் வருவாயில் அரசனுக்கும் பங்கு உண்டு என்பதுதான் காரணம்.

இன்றுள்ள கல் கோபுரம் மூன்றாம் ஹென்றி காலத்தில், 1245-க்குப் பின் எழுந்தது. 1684-இல் வெடிமருந்து வெடித்து அதன் உட்புறம் அழிந்தது. மேட்டின் அடியில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்படுவதற்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பலகை வைத்தவர்களை மதிக்கிறேன். மலபிஸின் பெயரை அது துணிந்து சொல்கிறது. இறந்தவர்கள் அரச கோட்டையில் பாதுகாப்புத் தேடி வந்தார்கள் என்பதையும் சொல்கிறது. ஆனால் அவர்களை முற்றுகையிட்ட அரசப் படையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கும்பல் ஒன்று சூழ்ந்தது, உள்ளிருந்தவர்கள் சாவைத் தேர்ந்துகொண்டார்கள் என்று மட்டும் படித்துச் செல்பவருக்கு, அந்தக் கும்பலுக்கு வலுச்சேர்த்தது அரசனின் அதிகாரியே என்பது தெரியாமலே போகிறது. அந்தப் பலகைக்கு அருகிலேயே இன்னொரு பலகை வைத்து, ஷெரிஃப் ஜான் மார்ஷலின் பெயரையும் அவர் இட்ட உத்தரவையும் அதில் பொறிக்க வேண்டும்.