ஒரு வீட்டுக்கு ஒரே ஓட்டா?

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், நிம்மதியாக இருங்கள். எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இன்று காலை அந்தத் துண்டு வீடியோவை மூன்று பேர் எனக்கே அனுப்பி, கீழே சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்கள். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரலையில் பேசிய அண்ணன் சொன்னது இதுதான். அரசியலின் அடிப்படை அலகு தனிமனிதன் கிடையாது, குடும்பம். ஆகவே தபால் ஓட்டு அருமையான ஏற்பாடு. வாக்குச்சீட்டு வீடு தேடி வருகிறது. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி, பெரியவர் வழிகாட்ட, ஒரே முடிவாக நிரப்பி அனுப்பலாம். வீடு பிளவுபடாது. நான் கமெண்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "நிரப்பும்போது அம்மாவுக்குத் தனி அறை உண்டா?" அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். "பாவம், இவங்க வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் நம்ப மாட்டாங்க போல." கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? படுக்கையில் கிடந்த அம்மாவை நாலு வருடம் பார்த்துக்கொண்டவள் நான். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவிலும்தான். குடும்பத்தின் மாண்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்திருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. நாகரிகம் கருதி.

தபால் ஓட்டு வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை, அதுதான் வேடிக்கை. கைக்குழந்தைக்காரி, நோயாளியை விட்டு நகர முடியாதவர், மூன்று ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர், இவர்களுக்கு வரிசையில் நிற்பது பெரிய பாடு. குடும்பத்தை மதிக்கிற அரசியல் என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால், அது முதலில் இவர்களுக்காகப் பேச வேண்டும். உறை வீட்டுக்கு வரட்டும், நூறு முறை வரட்டும். ஆனால் குடும்பம் ஓட்டுப் போடுவதில்லை. குடும்பத்தில் இருக்கிற ஆட்கள் ஓட்டுப் போடுகிறார்கள். உறையின்மேல் அச்சடித்திருப்பது ஒரு ஆளின் பெயர், வீட்டின் பெயர் இல்லை. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. இதற்காகவா இத்தனை சிரிப்பு?

அண்ணன் புதிதாக எதையோ கண்டுபிடித்ததுபோல் பேசியதால் ஒரு பழங்கதை. 1820இல் ஜேம்ஸ் மில் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் ஆட்சிமுறை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெண்களின் நலன் அப்பாவின் நலனிலோ கணவனின் நலனிலோ அடங்கிவிடுகிறது, அதனால் அவர்களுக்கென்று தனி ஓட்டு இல்லாவிட்டாலும் குறைவில்லை என்பது அவர் கணக்கு. 1825இல் வில்லியம் தாம்சன் என்பவர், அன்னா வீலரோடு சேர்ந்து யோசித்து, அதற்கு ஒரு புத்தகம் நீளத்துக்குப் பதில் கொடுத்தார். 1867இல் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தது யார் தெரியுமா? அந்த ஜேம்ஸ் மில்லின் சொந்த மகன், ஜான் ஸ்டூவர்ட் மில். ஆதரவு 73, எதிர்ப்பு 196, தோற்றுப்போனார். அப்பாவின் நலனில் மகனின் கருத்தே அடங்கவில்லை, மனைவியின் கருத்து எங்கே அடங்கும்?

(உடனே யாராவது வருவீர்கள், அந்த மகன் ரகசிய வாக்கெடுப்பை எதிர்த்தவராயிற்றே என்று. ஆமாம், எதிர்த்தார். ஓட்டு பொதுப் பொறுப்பு, அதை ஊரறியச் செய்ய வேண்டும் என்றார். அதில் அவர் தவறு. பெரிய ஆட்களும் தவறு செய்வார்கள். அண்ணனைப் போல.)

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். 1959இல் பெண்களுக்கு ஓட்டு கொடுக்கலாமா என்று ஆண்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள். தேசிய அளவில் கிடைத்தது 1971இல்தான். அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற மாநிலம் அப்போதும் உள்ளூர்த் தேர்தலில் பெண்களை விடவில்லை, 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தது. அதே நாட்டில் 1994 முதல் தேசிய வாக்கெடுப்புகளுக்குத் தபால் ஓட்டு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, இன்று பெரும்பாலானவர்கள் தபாலில்தான் போடுகிறார்கள். சாவடிக்குள் நுழைய அத்தனை காலம் காத்திருந்த பெண், நுழைந்து இருபத்துச் சொச்சம் வருடத்தில் ஓட்டு மறுபடி வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. தப்பு என்று சொல்லவில்லை. அந்த மேசையில் பேனா யார் கையில் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

இனி ஆட்சேபங்கள். "தபால் ஓட்டு என்றாலே மோசடிதானே" என்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அவர்களும் குடும்பத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். மோசடி நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2004 உள்ளாட்சித் தேர்தலின் தபால் ஓட்டுகளில் நடந்த தில்லுமுல்லுக்காக 2005இல் ரிச்சர்ட் மாவ்ரி என்ற தேர்தல் நீதிபதி முடிவுகளையே செல்லாது என்றார். பிரான்ஸ் 1975இல் உள்நாட்டுத் தபால் ஓட்டை எடுத்தேவிட்டது. எடுத்துவிட்டு என்ன வைத்தார்கள் தெரியுமா? நம்பிக்கையான ஒருவரை அனுப்பி உங்களுக்காகப் போடச் சொல்லலாம் என்ற ஏற்பாடு. அந்த நம்பிக்கையான ஒருவர் பக்கத்து நாட்டிலிருந்தா வரப்போகிறார்? சரி, மோசடி வேறு தலைப்பு, அதற்குள் நான் போகவில்லை. குடும்பம் குடும்பம் என்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன். குடும்பத்தை முன்னிறுத்தும் அரசியல் ஓங்கிய அமெரிக்காவின் உட்டா மாநிலமே எல்லோருக்கும் தபாலில் சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தது, 2025இல் சட்டம் போட்டு அதைச் சுருக்க ஆரம்பித்தது. கொள்கை ஒன்றுதான், அன்றைய வசதிக்கு ஏற்ப வளைகிறது.

அடுத்தது, "சாவடிக்குப் போனாலும் வீட்டில் சொல்லித்தானே அனுப்புகிறார்கள், என்ன வித்தியாசம்?" இதைக் கேட்டவர் நல்லவர், அதனால் நிதானமாகப் பதில் சொல்கிறேன். வித்தியாசம் ஒரு அட்டை மறைப்பு. வீட்டில் ஆயிரம் சொல்லட்டும், அந்த மறைப்புக்குப் பின்னால் ஒரு நிமிடம் யாரும் இல்லை. வெளியே வந்து "நீங்க சொன்ன மாதிரியே போட்டேன்" என்று பொய் சொல்லலாம். அந்தப் பொய்யைச் சொல்ல முடிவதுதான் ரகசிய வாக்கு. 1856இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் அச்சடித்த சீட்டையும் மறைவிடத்தையும் கொண்டுவந்தபோது முதலாளிக்கும் நிலக்கிழாருக்கும் பயந்துதான் செய்தார்கள். அப்பாவுக்குப் பயந்து இல்லை. அந்தப் பட்டியலில் யாரும் அப்பாவைச் சேர்க்கவில்லை. பிரிட்டனில் சாவடி மறைப்புக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து போவதைக் 'குடும்ப ஓட்டு' என்றே சொல்கிறார்கள், 2023இல் அதற்கெதிராகச் சட்டமும் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் சாவடிக்கு மட்டும்தான். வீட்டு மேசைக்கு எந்த அதிகாரி வருவார்?

எங்கள் வீட்டு மேசையைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா அதன்மேல் பழைய செய்தித்தாளை விரித்து, மூன்று உறைகளையும் பிரித்து வரிசையாக வைப்பார். நீல மைப் பேனா. மூன்று சீட்டிலும் ஒரே கட்டத்தில் ஒரே அளவில் குறி. கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, எதையும் படிக்காமல் அந்தப் பெருக்கல் குறியின்மேல் கையெழுத்து போட்டுவிட்டுப் போவார். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. இதை இருமுறை படியுங்கள், ஏனென்றால் கமெண்டில் அதைத்தான் பிடித்துக்கொள்வீர்கள். கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர், காய்ச்சலில் விடியவிடிய பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். பத்தொன்பது வயதில் முதல் முறை என் பெயருக்கு உறை வந்தபோது, "அப்பா, என்னோடதை நானே போட்டுக்கிறேன்" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை என் பக்கம் நகர்த்தினார், பேனாவையும் நகர்த்தினார். செய்தித்தாளைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டார். படிக்கவில்லை, பேனா முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய கட்டத்திலேயே குறி போட்டேன். யார் என்னை மிரட்டினார்கள்? யாருமே மிரட்டவில்லை. எந்த நீதிமன்றத்தில் போய் என்னவென்று சொல்வது?

"இதெல்லாம் மேற்கத்தியத் தனிமனித வாதம்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். தனிமையில் ஒரு குறி போட்டால் பாசம் அறுந்துவிடும் என்றால், அந்தப் பாசத்தை எதைக்கொண்டு கட்டி வைத்திருக்கிறீர்கள் ஐயா? கடிதம் எழுதும்போது எட்டிப் பார்க்க மாட்டோம், குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வோம். அதையெல்லாம் அவநம்பிக்கை என்று யாராவது சொல்கிறோமா? ஓட்டுக்கு மட்டும் ஏன் கதவைத் திறந்து வைக்க வேண்டும்?

வழியே இல்லாமலும் இல்லை. ஸ்வீடனில் முன்கூட்டியே ஓட்டுப் போட்டவர், மனம் மாறினால் தேர்தல் நாளன்று தன் சாவடிக்குப் போய் மறுபடி போடலாம், முந்தையது கழிந்துவிடும். எஸ்டோனியாவில் 2005 முதல் இணையத்தில் போடுகிறார்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. பக்கத்தில் யாராவது நின்றார்களா, அவர் தூங்கிய பிறகு மாற்றிக்கொள். ஜெர்மனியில் 1957 முதல் தபால் ஓட்டு உண்டு, 2021 தேர்தலில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் அப்படித்தான் போட்டார்கள். நானே நிரப்பினேன், அல்லது என் விருப்பப்படி உதவியாளர் நிரப்பினார் என்று உறுதிமொழிக் கையெழுத்து வாங்குகிறார்கள். கையெழுத்து வாங்குவது சுலபம் என்பது எங்கள் அம்மாவுக்குத் தெரியும், அது வேறு. இந்தியாவில் 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது கடந்தவர்களின் வீட்டுக்கே தேர்தல் ஊழியர்கள் போனார்கள், வீடியோ எடுப்பவரோடு, மடக்கி எடுத்துப்போகும் மறைப்பு அட்டையோடு. வீட்டுக்குள் அந்த அட்டையை நிறுத்தி, அதன் பின்னால் பாட்டி குறி போட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஓட்டு வீட்டுக்கு வரும்போது மறைப்பும் கூடவே வருகிறது. இதைத்தான் அண்ணனிடம் கேட்டேன். இதற்குத்தான் சிரித்தார்.

அப்பா போன பிறகு அம்மா பெயருக்கு உறை வந்தது. மேசைமேல் வைத்துவிட்டு "யாருக்குப் போடணும்?" என்றார். "உங்க இஷ்டம்மா" என்றேன். கோபித்துக்கொண்டார். பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. அப்புறம் உறையை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. இருபது நிமிடம். ஒரு குறி போட இருபது நிமிடம். வெளியே வந்தபோது உறை ஒட்டியிருந்தது, நாக்கால் ஈரப்படுத்தியதில் ஓரம் சுருங்கியிருந்தது. என்னிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார். தெருமுனை வரை நடந்தேன். அந்த உறையை வெயிலுக்கு நேராக ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று கை பரபரத்தது. சத்தியமாகப் பார்க்கவில்லை. யாருக்குப் போட்டார் என்று அவர் சொல்லவும் இல்லை. அன்று சாயங்காலம் முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தப் பிடிவாதம் வந்தது. அண்ணன் நம்பிக்கை, நம்பிக்கை என்கிறாரே, அன்று நான் தூக்கிப் பார்க்காமல் போனேனே, அதற்கு என்ன பெயர் வைப்பார்?

சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் யோக்கியம் இல்லை என்பதை நீங்கள் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். கடைசித் தேர்தலின்போது அம்மாவுக்குக் கை நடுங்கியது, பார்வையும் மங்கிவிட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். மூன்றாவது பெயரிலேயே கண்ணை மூடிக்கொண்டார். "உனக்குப் பிடிச்சதைப் போடும்மா" என்றார். அலுப்பில் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று நான் மறுபடி கேட்டிருக்க வேண்டும். புரட்டிப் படுக்க வைக்கிற நேரமாகிவிட்டது, எனக்குத் தூக்கம் வேறு. குறி போட்டேன். கையெழுத்துக்கு அவர் விரலில் பேனாவைச் செருகினேன், பேனா எங்கெங்கோ போயிற்று. அதனால் எங்கே போட வேண்டும் என்று காட்ட, பென்சிலை எடுத்து அந்த இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.