ஒற்றைச் சிப்புக்கு இத்தனை பஞ்சாயத்தா?

போக்கர் டோர்னமென்ட்டில் தோற்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், இந்த ஒற்றைச் சிப் (பந்தய வில்லை) தகராறைத்தான் தாங்க முடியவில்லை. எதிராளி 400 பந்தயம் கட்டியிருக்கிறார். நம்ம ஆள் வாயே திறக்காமல் 5,000 மதிப்புள்ள சிப் ஒன்றைத் தூக்கிப் போடுகிறார். விதிப்படி அது வெறும் ‘கால்’தான், அதாவது அந்த 400-க்கு ஈடு கட்டுவது மட்டும்தான். ரெய்ஸ், அதாவது பந்தயத்தை உயர்த்துவது, வேண்டுமென்றால் சிப் மேசையில் விழும் முன் சொல்லியிருக்க வேண்டும். சீட்டுப் போடும் டீலர் ‘கால்’ என்றதும் ஆரம்பிக்கும் பாருங்கள்: “என் எண்ணம் எல்லாருக்கும் தெரியுமே!” எப்படித் தெரியும்? எண்ணத்தை மறைப்பதுதானே ஐயா இந்த விளையாட்டே!

சரி, தகராறைத் தீர்க்கும் அதிகாரியான ஃப்ளோர் வருகிறார். அவர் டீலரைக் கேட்டால் மேசை முழுக்கப் பதில் சொல்கிறது. எப்போதோ ஃபோல்டு செய்தவர்தான், அதாவது சீட்டை வீசி அந்த ஆட்டத்திலிருந்து விலகியவர்தான், அதிகம் கத்துவார். அதோடு விடாமல், தான் வீசிய சீட்டு என்னவென்றும் உளறிவைப்பார், ஆட்டம் இன்னும் நடக்கும்போதே!

டோர்னமென்ட் இயக்குநர்கள் சங்கத்தின் விதித்தொகுப்பில் ஃப்ளோரின் முடிவே இறுதி என்று முதல் விதியிலேயே இருக்கிறது. அதே விதி, நியாயத்துக்காக அபூர்வமாகச் சில சமயம் நுணுக்க விதிகளைத் தாண்டலாம் என்றும் சொல்கிறது. நம்ம ஆளுக்கு அந்த இரண்டாவது பாதி மட்டும் மனப்பாடம். தன் கேஸ் எப்போதுமே அபூர்வ கேஸ்!

இதற்கிடையே கடிகாரம் ஓடுகிறது, பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயம் ஏறுகிறது. சிப் குறைந்தவர் வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். தீர்ப்பு பிடிக்காதவரோ சீட்டை டீலர் மூஞ்சியை நோக்கி வீசுகிறார். தீர்ப்பு சொன்னது அவரா, பாவம்?